நெடுஞ்சாலையும் வாயில்களும்: தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரைப் பொருளாதாரத்திலும் பயணத்திலும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை

முன்னுரை

கோலாலம்பூரில் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு பலமுறை கூடியிருக்கிறது. 1966இல் முதல் மாநாட்டுக்குப் பினாங்கிலிருந்து காரில் புறப்பட்ட பேராளர், கடலைப் படகில் கடந்து பட்டர்வொர்த்தில் இறங்கி, தைப்பிங், கோலகங்சார், சுங்கை சிப்புட், ஈப்போ, கம்பார், தாப்பா, பீடோர், சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என ஒவ்வோர் ஊரின் கடைத்தெருவையும் கடந்தே தலைநகரை அடைந்திருப்பார். 1987இல் ஆறாம் மாநாடு நடைபெற்றபோது பினாங்குப் பாலம் திறக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. புதிய நெடுஞ்சாலையும் துண்டு துண்டாகப் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. 2015இல் ஒன்பதாம் மாநாட்டுக்கு அதே வழியில் வந்தவர் மேற்சொன்ன ஊர்களின் பெயர்களைப் பச்சைப் பலகைகளில் படித்திருப்பாரேயன்றி, ஊர்களைக் கண்டிருக்க மாட்டார்.

அந்தப் பச்சைப் பலகைகளைத் தாங்கி நிற்கும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையே இக்கட்டுரையின் பொருள். தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து சிங்கப்பூருக்கு எதிர்க்கரையான ஜொகூர் பாரு வரை ஏறத்தாழ 770 கி.மீ. நீளமுடையது இது. கெடா, பினாங்கு, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர் ஆகிய ஏழு மாநிலங்களை இணைக்கிறது. மலேசியத் தமிழரைப் பற்றிய ஆய்வுகள் தோட்டம், பள்ளி, கோயில், தொழிற்சங்கம் ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் அமைந்துள்ளன. அந்நிறுவனங்களை ஒன்றோடொன்று இணைத்ததும் பின்னர் அவற்றுள் பலவற்றைக் கலைத்ததுமான சாலைக்கு அவ்வாய்வுகளில் ஓர் இடம் தரப்பட வேண்டும் என்பது கட்டுரையாளரின் எண்ணம்.

நெடுஞ்சாலையின் பயன் அதன் நீளம் முழுவதும் சீராகப் பரவுவதில்லை. உட்புகவும் வெளியேறவும் இடமுள்ள சந்திப்புகளிலேயே அது குவிகிறது. இச்சந்திப்புகளை இக்கட்டுரை ‘வாயில்’ என்று குறிக்கும். மேற்குக் கரையில் வாயில்கள் அமைந்த இடங்களைச் சுற்றியிருந்தது பெரும்பாலும் தோட்ட நிலம். ஆகவே இச்சாலையின் பொருளாதார வரலாற்றைத் தோட்டத் தமிழரின் இடப்பெயர்ச்சியிலிருந்து பிரித்து எழுத இயலாது.

பழைய தடம்

தீபகற்பத்தின் போக்குவரத்து முதலில் வடக்கு–தெற்காக ஓடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயம் கிடைத்த இடங்கள் மலையடிவாரத்தில் இருந்தன. அதைக் கப்பலேற்றும் துறைகள் மேற்கே கடலோரத்தில் இருந்தன. எனவே முதல் இருப்புப்பாதைகள் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குக் கிழக்கு–மேற்காகவே இடப்பட்டன. 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் தொடர்வண்டி ஓடிற்று. 1886இல் கோலாலம்பூர்–கிள்ளான், 1891இல் சிரம்பான்–போர்ட் டிக்சன், 1893இல் தாப்பா ரோடு–தெலுக் ஆன்சன் பாதைகள் திறக்கப்பட்டன. இக்குறுக்குக் கோடுகளை இணைத்து வடக்கே பிறையிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை ஒரே பாதையாக்கும் பணி 1909இல்தான் முடிந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896 முதல் ஒரே கூட்டாட்சியின் கீழ் நிருவகிக்கப்பட்டதே இவ்விணைப்பைத் தேவையாக்கவும் இயலச்செய்யவும் துணைநின்றது.

இருப்புப்பாதையையொட்டிச் சாலை வந்தது; இரண்டையும் ஒட்டி இரப்பர் வந்தது. 1905க்குப் பிந்தைய இரப்பர்ப் பெருக்கத்தில் நிலம் கேட்டு வந்த நிறுவனங்கள் பாதைக்கு அருகிலுள்ள நிலத்தையே விரும்பின. பால்மரத்தை வெட்டிப் பாலெடுத்துத் தகடாக்கிப் புகையூட்டி அனுப்பும் தொழிலுக்கு, சரக்கு நிலையம் மாட்டு வண்டி சென்று திரும்பும் தொலைவில் இருத்தல் நலம். இவ்வாறுதான் கெடாவிலிருந்து ஜொகூர் வரை மேற்குக் கரை நெடுகத் தோட்டங்கள் கோத்த மணிகள்போல் அமைந்தன. இருப்புப்பாதைக்கும் சாலைக்கும் மண் சுமந்தவர்களுள்ளும், பொதுப்பணித் துறையின் சாலைக் குழுக்களிலும் தமிழர் பெருமளவில் இருந்தனர். தோட்டங்களுக்கோ கங்காணி முறையில் ஊர் ஊராக ஆள் திரட்டப்பட்டது. 1907இல் இந்தியக் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டபின் தொழிலாளரின் கப்பற் செலவு முதலியவை அதிலிருந்து வழங்கப்பட்டன. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் வெளியேறுவதைத் தடைசெய்யும்வரை இவ்வரவு ஏறியும் இறங்கியும் நீடித்தது.

தோட்டத்து மண்சாலை கூட்டரசுச் சாலையில் சேரும் முனையில் ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு சீனர் மளிகைக் கடை, பெரும்பாலும் ஒரு முனீசுவரர் அல்லது மதுரைவீரன் சந்நிதி. தோட்டத் தமிழர் ‘ரோட்டுமுனை’ என்றால் இதுவே நினைவுக்கு வரும். சம்பள நாளில் அரிசி, துணி, நாளிதழ் எல்லாம் அம்முனை வழியாகவே உள்ளே வந்தன. அச்சாலைக்கு வாயில் என்று தனியே ஒன்று கிடையாது. அதன் ஓரத்தில் எங்கு நின்று கையசைத்தாலும் பேருந்து நிற்கும்.

சாலையும் தோட்டமும் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பதற்கு ஒரு போர்க்காலச் சான்று உண்டு. 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் சப்பானியப் பீரங்கி வண்டிகள் துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் நோக்கிப் பெருஞ்சாலை வழியே பாய்ந்து, இந்தியப் படையணிகளையும் பிரித்தானியப் படையணிகளையும் சில மணி நேரத்தில் சிதறடித்தன. அங்கே சாலை முன்னரே நேராக்கப்பட்டிருந்தது. கைவிடப்பட்ட பழைய வளைவுகள் பால்மரங்களுக்கு நடுவே மறைந்து கிடந்தன. எதிர்ப்பு வலுவாக இருந்த இடங்களில் சப்பானியர் அவ்வளைவுகள் வழியே சுற்றிவந்து பின்புறம் தாக்கினர். சாலையை நேராக்கும்போது பழைய துண்டு என்னவாகிறது என்னும் வினா இக்கட்டுரையில் வேறு வகையில் மீண்டும் எழும்.

பொதுச் சாலை கட்டணச் சாலையானது

விடுதலைக்குப் பின் பல்லாண்டுகள் பழைய கூட்டரசுச் சாலையே நாட்டின் முதுகெலும்பாக விளங்கிற்று. சரக்குந்தும் மாட்டு வண்டியும் பள்ளிப் பிள்ளைகளின் மிதிவண்டியும் ஒரே தார்ப்பட்டையில் சென்றன. எழுபதுகளில் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகியபோது இவ்வேற்பாடு திணறிற்று. பாயான் லெப்பாசில் 1972இல் அமைந்த தடையற்ற வாணிப வட்டாரத்துக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிற்பேட்டைகளுக்கும் குறித்த நேரத்தில் சரக்கு வந்து போக வேண்டியிருந்தது. கோலாலம்பூர்–சிரம்பான் விரைவுச்சாலை 1982இல் முழுமையடைந்தது. 1980இல் தோற்றுவிக்கப்பட்ட மலேசிய நெடுஞ்சாலை வாரியம் எல்லை முதல் எல்லை வரையிலான திட்டத்தை மேற்கொண்டது. ஈப்போவுக்கு வடக்கே மலையைக் குடைந்து அமைத்த சுமார் 800 மீட்டர் நீள மெனோரா சுரங்கவழி இக்காலத்தது.

எண்பதுகளின் இடையில் ஏற்பட்ட பொருளாதாரச் சரிவில் அரசின் கையிருப்பு சுருங்கியது. எஞ்சிய பகுதிகளைக் கட்டி, பயணக் கட்டணம் திரட்டி, முப்பதாண்டுக் காலம் இயக்கும் உரிமை 1988இல் தனியார்த் துறைக்கு வழங்கப்பட்டது. அவ்வொப்பந்தம் வழங்கப்பட்ட முறையை எதிர்த்து அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கைத் தொடுக்கும் தகுதிநிலை அவருக்கில்லை என உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. பொதுநல வழக்குகளைப் பற்றிய மலேசியச் சட்ட நூல்களில் இத்தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது. 1994 செப்டம்பர் 8ஆம் நாள் பிரதமர் மகாதீர் முகம்மது நெடுஞ்சாலையை அதிகாரபூர்வமாகத் திறந்துவைத்தார். இயக்க உரிமை பின்னர் 2038 வரை நீண்டது; 2020 பிப்ரவரியில் கட்டணம் 18 விழுக்காடு குறைக்கப்பட்டதற்கு ஈடாக 2058 வரை மேலும் நீட்டிக்கப்பட்டது. அறுபதாண்டு வாழ்வை ஒரு தலைமுறை எனக் கொண்டால், திறப்பு விழா நாளில் பிறந்த குழந்தை முதியவராகும்வரை இக்கட்டணம் தொடரும்.

இவ்வரலாற்றில் தமிழர் ஆய்வுக்குரிய குறிப்பு ஒன்றுண்டு. அறுபதுகளில் பொதுப்பணி அமைச்சராக இருந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். இந்நெடுஞ்சாலை திட்டமிடப்பட்டுத் தனியார்மயமான காலத்தில், 1979 முதல் 1989 வரை, அப்பொறுப்பை வகித்தவர் ச. சாமிவேலு. இருவரும் நாடாளுமன்றத்தில் சுங்கை சிப்புட் தொகுதியின் பிரதிநிதிகள். பழைய சாலை சுங்கை சிப்புட்டின் நடுவே செல்கிறது. புதிய சாலையோ ஈப்போவிலிருந்து மேற்கே விலகி, மலையைக் குடைந்து, கோலகங்சாரை நோக்கிச் சென்றுவிடுகிறது. நிலவியலும் பொறியியலும் வகுத்த வழி இது. அமைச்சரின் தொகுதியானாலும் மலை வழிவிடுவதில்லை.

வாயிலின் பொருளாதாரம்

நெடுஞ்சாலைகளின் பயனைக் கணக்கிடுவோர் முதலில் மிச்சமாகும் நேரத்தைக் கணக்கிடுவர். உச்ச வேகமான மணிக்கு 110 கி.மீ. என்னும் விகிதத்தில் நிற்காமல் சென்றால் வட எல்லையிலிருந்து தென் எல்லைக்கு ஏழு மணி நேரம். ஒரு சரக்குந்து ஓட்டுநர் இரவில் பட்டர்வொர்த்தில் ஏற்றிய பெட்டியைக் காலையில் கிள்ளான் துறைமுகத்தில் இறக்கிவிட்டு அன்றே திரும்பலாம். வடக்கே பினாங்குத் துறைமுகம், நடுவே கிள்ளான், தெற்கே பாசிர் கூடாங், நூற்றாண்டின் திருப்பத்தில் தொடங்கிய தஞ்சோங் பெலப்பாஸ் என நான்கு துறைமுகங்களும் ஒரே தண்டில் கோக்கப்பட்டன. உள்நாட்டு ஆலை, சரக்கின் தன்மைக்கும் கப்பல் அட்டவணைக்கும் ஏற்பத் துறைமுகத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது. 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலம் சிங்கப்பூர்த் துறையையும் இத்தேர்வுப் பட்டியலில் சேர்த்தது.

மேற்குக் கரையின் பெரும்பயிரான செம்பனைக்கு இச்சாலை எவ்வாறு பயன்பட்டது என்பது கவனித்துப் பார்க்கத் தக்கது. அறுத்த செம்பனைக் குலையை ஏறத்தாழ ஒரு நாளைக்குள் ஆலையில் அவித்தாக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். ஆதலால் ஆலை தோட்டத்துக்குள்ளோ அண்டையிலோ இருக்கும். குலை செல்வது தோட்டத்து மண்சாலையில். ஆலையில் பிழிந்த எண்ணெய்தான் தொட்டிவண்டியில் ஏறி நெடுஞ்சாலை வழியே சுத்திகரிப்பு ஆலைக்கும் துறைமுகத்துக்கும் செல்கிறது. மழைக்காலத்தில் உள்சாலை சேறானால் முப்பது கிலோமீட்டர் அப்பாலுள்ள ஆறுவழிச் சாலையால் அக்குலைக்கு ஒரு பயனுமில்லை. விலையேறிய சரக்கை விரைந்து கொண்டு செல்வதே இத்தகைய சாலையின் வலிமை. கேமரன் மலையின் காய்கறிகள் இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு: மலையிலிருந்து தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்குவதே கடினமான பயணம், தாப்பா வாயிலை அடைந்துவிட்டால் கோலாலம்பூர் மொத்தச் சந்தையும் சிங்கப்பூரும் ஓரிரவுத் தொலைவு.

எனினும் இச்சாலை உண்டாக்கிய பெருஞ்செல்வம் சரக்கில் தோன்றியதைவிட நிலத்தில் தோன்றியதே மிகுதி. வேலியிட்ட சாலையில் நுழைய வாயில் வேண்டும். வாயிலுக்கு ஐந்து கி.மீ. அருகிலுள்ள நிலத்துக்கும், சாலையையே பார்த்துக்கொண்டிருந்தும் வாயிலுக்கு இருபது கி.மீ. சுற்றிச் செல்ல வேண்டிய நிலத்துக்கும் விலை ஒன்றாயிராது. பழைய சாலையில் இவ்வேறுபாடு இல்லை. பெரும்பரப்பாக, ஒரே உரிமையாளரிடம், குறைந்த விலையில் கிடைத்தது தோட்ட நிலம். நூறு சிறு நிலக்காரர்களிடம் பேரம் பேசுவதைக் காட்டிலும் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவிடம் பேசுவது நகர அமைப்பாளருக்கு எளிது.

பினாங்கு மாநிலத்தின் பத்து கவானைப் பார்க்கலாம். ஆறுகளால் தலைநிலத்திலிருந்து பிரிக்கப்பட்ட தாழ்ந்த தீவு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறைப் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டபோது பத்து கவானும் அத்தோட்டங்களுள் ஒன்று. இரப்பர் காலத்துக்கும் முந்தைய குடியேற்றம் இது. நெடுஞ்சாலையோடு இணைக்கப்பட்டபின் அங்கே விளையாட்டரங்கமும் தொழிற்பூங்காவும் எழுந்தன. 2014 மார்ச்சில் தீவுக்கும் தலைநிலத்துக்கும் இடையே 24 கி.மீ. நீளமுள்ள இரண்டாம் பாலம் திறக்கப்பட்டபோது அதன் கரையேறும் இடமாகப் பத்து கவானே அமைந்தது. 2019இல் ஐக்கியா கடை அங்கே திறக்கப்பட்டது. கரும்பு, இரப்பர், செம்பனை எனப் பயிர் மாறியபோதெல்லாம் அங்கேயே இருந்த மக்கள், நிலம் பயிரிலிருந்து விலகியபோதுதான் இடம்பெயர நேர்ந்தது.

பேராக்கின் தென்கோடியிலுள்ள தஞ்சோங் மாலிமில் 2003இல் புரோட்டோன் மகிழுந்து ஆலை திறக்கப்பட்டது. உதிரிப்பாகங்கள் பல ஊர்களிலிருந்து நேரம் தவறாமல் வந்துசேர வேண்டிய தொழில் அது. விரைவுச்சாலை இன்றேல் தலைநகருக்கு எழுபது கி.மீ. வடக்கே அவ்வாலையை வைத்திருக்க மாட்டார்கள். தெற்கே நீலாய், 1998இல் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டபின் கல்லூரிகளும் கிடங்குகளும் நிறைந்த நகராயிற்று.

வாயில் இருந்தால் நகரம் தானே வளரும் என்று இவற்றைக் கண்டு முடிவு செய்தல் பிழையாகும். தஞ்சோங் மாலிமுக்குத் தெற்கே, தனக்கென ஒரு வாயிலைப் பெற்ற புக்கிட் பெருந்தோங்கில் தொண்ணூறுகளில் வீடுகள் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டன. 1997இன் ஆசிய நிதி நெருக்கடியில் வாங்கியோர் நலிந்தனர். வேலைவாய்ப்பு அருகில் இல்லை. வரிசை வரிசையாக வீடுகள் நெடுங்காலம் ஆளின்றிப் புதர் மண்டிக் கிடந்தன. ஒரு வட்டாரத்தில் வேறு காரணங்களால் தொடங்கிவிட்ட வளர்ச்சியைச் சாலை விரைவுபடுத்தும். இல்லாத வளர்ச்சியை உண்டாக்குவது அதனால் ஆகாது.

விலகி நின்ற ஊர்கள்

பழைய சாலையின் ஊர்கள் போகிறவர் வருகிறவரால் வாழ்ந்தவை. கம்பாரிலும் பீடோரிலும் பேருந்துகள் அரைமணி நேரம் நிற்கும். உணவுக் கடை, தேநீர்க் கடை, வெற்றிலைக் கடை, டயர் பழுது பார்ப்போர், வாடகைக் கார் ஓட்டுநர் எனப் பலர் அந்த அரைமணி நேரத்தில் பிழைத்தனர். தென்பகுதியில் ஆயர் ஹீத்தாம் பீங்கான் கடைகளும் யோங் பெங் உணவுக் கடைகளும் இவ்வாறே. புதிய சாலை திறந்தபின் இவ்வரவில் பெரும்பங்கு நெடுஞ்சாலைக்குள்ளேயே அமைந்த ஓய்வுத் தலங்களுக்குச் சென்றது. சுங்கை பூலோவிலும் ஆயர் கெரோவிலும் சாலைக்கு மேலே பாலம்போல் உணவகங்கள் எழுந்தன. ஓய்வுத் தலத்தில் கடை வைக்க வாடகை ஒப்பந்தம் வேண்டும். நான்கு மேசை போட்டுத் தோசை சுட்டவருக்கு அது எளிதில் கிட்டும் ஒன்றன்று.

எல்லா ஊர்களும் ஒரே வகையில் தளரவில்லை. பீடோரின் கொய்யாப்பழ விற்பனை வாயிலுக்கு அருகே இடம் மாறித் தழைத்தது. கம்பார், 2007இல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் வந்தபின் மாணவர் ஊராக உயிர்பெற்றது. தஞ்சோங் மாலிமுக்கு ஆலையுடன் 1922இல் நிறுவப்பட்ட ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் வழித்தோன்றலான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் உண்டு. தமிழாசிரியர் பலர் இன்று அங்கிருந்தே வருகின்றனர். வாயிலும் இன்றி, வேறு நிறுவனமும் இன்றி நின்ற சிற்றூர்களின் நிலைதான் கடினமானது. அங்கே பழைய வளைவுச் சாலைக்கு நேர்ந்ததே ஊருக்கும் நேர்ந்தது.

பயணம்

தோட்டப்புற இளைஞருக்கு இச்சாலை தந்த விடுதலையைக் குறைத்து மதிப்பிடலாகாது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடக் காத்திருந்த குடும்பங்களின் பெண்மக்கள், தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி மின்னணு ஆலைகளுக்குச் சென்றனர். கெடாவின் தென்பகுதியிலிருந்தும் பேராக்கின் வடபகுதியிலிருந்தும் நாள்தோறும் பிறைக்கும் பாயான் லெப்பாசுக்கும் ஆள் ஏற்றிய இப்பேருந்துகள் இல்லாமல் பினாங்கின் தொழில் வளர்ச்சி இல்லை. தோட்டத்தில் வீடும் தொழிற்சாலையில் சம்பளமும் என்னும் இரட்டை வாழ்வு ஒரு தலைமுறைக்கு இயன்றது. ஜொகூரில் இதே நிலை எல்லை கடந்தது: மகன் சிங்கப்பூரில் வேலை, பெற்றோர் குளுவாங் பகுதித் தோட்டத்தில்.

இந்நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணமில்லை. பினாங்குப் பாலங்களிலும் சிங்கப்பூர் இரண்டாம் இணைப்பிலும் இருந்த மோட்டார் சைக்கிள் கட்டணமும் 2019 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. குறைந்த வருவாயுடையோர் பயன்படுத்தும் வாகனம் இதுவே என்பதால் இவ்விலக்கு சிறிதன்று. ஆயின் பெரும் சரக்குந்துகளோடு மோட்டார் சைக்கிளும் ஒரே தடத்தில் செல்வதன் ஆபத்தைத் தோட்டப்புறக் குடும்பங்கள் நன்கறியும். இலவசம் என்பதற்கு அவர்கள் செலுத்திய விலை கட்டணக் கணக்கேட்டில் வருவதில்லை.

தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முந்தைய நாள்களில் நெடுஞ்சாலையில் நெரிசல் மிகும். ஊர் திரும்புதல் என்னும் இவ்வழக்கம் சீனப் புத்தாண்டிலும் நோன்புப் பெருநாளிலும் நாட்டு மக்கள் அனைவருக்கும் பொது. தமிழரிடம் அதற்கொரு தனித்தன்மை ஏற்பட்டுள்ளது: திரும்பிச் செல்லும் இடம் பல வேளைகளில் பெற்றோர் தோட்டத்திலிருந்து வெளியேறிக் குடியேறிய அடுக்குமாடி வீடு. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மட்டும் மக்கள் பழைய இடத்துக்குச் செல்கின்றனர். லயன் வீடுகள் இடிக்கப்பட்டு, கோயில் மட்டும் செம்பனைகளுக்கு நடுவே நிற்கும் காட்சியைக் கட்டுரையாளர் பேராக்கிலும் சிலாங்கூரிலும் கண்டிருக்கிறார். முந்நூற்று அறுபது நாள்களும் பூட்டிக் கிடக்கும் அக்கோயிலின் முன் திருவிழா நாளில் ஏழு மாநிலங்களின் பதிவெண் கொண்ட கார்கள் நிற்கும். அவ்வளவு தொலைவு சிதறியவர்கள் ஒரே நாளில் வந்து போவதற்கும் இச்சாலையே வழி.

தொழிலாளியின் கணக்கு

நிலம் கைமாறியபோது தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை உடையோருக்கே இழப்பீட்டை வகுக்கிறது. மூன்று தலைமுறையாகக் குடியிருந்தாலும் லயன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. எஞ்சியது வேலைநீக்கப் பயன். 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஐந்தாண்டுக்கு மேற்பட்ட பணிக்கு ஆண்டொன்றுக்கு இருபது நாள் கூலி. முப்பதாண்டு பால் வெட்டியவருக்கு அறுநூறு நாள் கூலி. அதாவது இரண்டாண்டு வருவாய்க்கும் குறைவு. நிலத்தின் மதிப்பு ஏக்கர்க் கணக்கிலிருந்து சதுர அடிக் கணக்குக்கு மாறிய ஊரில் அத்தொகைக்கு வீடு வாங்குதல் அரிது.

1960இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியதன் காரணம் இங்கே நினைவுகூரத் தக்கது. விடுதலையையொட்டி ஐரோப்பிய உரிமையாளர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளரே பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்குவது அத்திட்டம். அன்று அச்சுறுத்தியது துண்டாடல். எண்பது, தொண்ணூறுகளில் வந்ததோ மேம்பாடு. அதன் விலைக்கு ஈடுகொடுக்கக் கூட்டுறவுச் சேமிப்பால் இயலவில்லை.

1995இல் புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கியபோது பிராங் பெசார், மேடிங்லி, காலோவே, செட்ஜ்லி என நான்கு தோட்டங்கள் கலைந்தன. அவற்றின் தொழிலாளர் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். 1997இல் திறக்கப்பட்ட நடுவண் இணைப்புச் சாலை அப்பகுதியை வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையோடு பிணைத்தது. மண் தரையும் காய்கறிப் பாத்தியும் மாட்டுக் கொட்டிலும் கொண்டிருந்த குடும்பங்கள் மாடிப்படி ஏறப் பழகின. மாட்டுப் பால் விற்றுக் கிடைத்த கூடுதல் வருவாயை எந்த இழப்பீட்டுக் கணக்கும் சேர்த்துக்கொள்ளவில்லை.

தோட்டங்கள் கலைந்ததற்கு நெடுஞ்சாலையே காரணம் என்று கூறுவது மிகையாகும். இரப்பர் விலை வீழ்ந்தது. குறைந்த ஆள் கேட்கும் செம்பனை அதன் இடத்தைப் பிடித்தது. எண்பதுகளிலிருந்து அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். பிள்ளைகள் பால் வெட்ட விரும்பவில்லை, அவர்கள் விரும்பாததும் நியாயமே. எந்தத் தோட்டம் முதலில் போகும், எது நிற்கும் என்னும் வரிசையைத் தீர்மானித்ததில்தான் சாலைக்குப் பெரும்பங்குண்டு. வாயிலுக்கு அருகிலிருந்தவை முதலில் போயின.

2011–12இல் நெடுஞ்சாலை நிறுவனத்தின் உரிமை மாறியபோது அதன் 49 விழுக்காட்டுப் பங்கை ஊழியர் சேமநிதி வாரியம் வாங்கியது. மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் பணமும் அந்நிதியில் அடக்கம். அவர் மகன் டோல் சாவடியில் செலுத்தும் கட்டணத்தின் ஒரு துளி, சேமநிதியின் ஆண்டு ஈவாக நாட்டுத் தொழிலாளர் அனைவருக்கும் திரும்புகிறது. கட்டணக் குறைப்பைக் கோருவோர் இக்கணக்கையும் எதிர்கொள்ள வேண்டியுள்ளது. எளிய விடை இதற்கு இல்லை.

ஆய்வு நூலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்ட அலுவலகங்கள் மூடப்படுகையில் பெரட்டுப் பதிவேடுகள், சம்பளப் பேரேடுகள், குடியிருப்பு வரைபடங்கள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியன கிராணியின் அலமாரியோடு மறைந்துவிடுகின்றன. வாயில் அமைந்த ஆண்டையும் தோட்டம் மூடிய ஆண்டையும் அருகருகே வைத்து ஆராய இவையே மூலம். இப்பொழுதைக்கு நம்மிடம் எளிதில் கிடைக்கும் சான்று பள்ளிப் பெயர்களே. தோட்டத்திலிருந்து பெயர்ந்து வீடமைப்புப் பகுதிகளில் புதுக்கட்டடம் பெற்ற தமிழ்ப்பள்ளிகள் பல, தோட்டம் என்று பொருள்படும் ‘லாடாங்’ என்னும் மலாய்ச் சொல்லைத் தம் பெயரில் இன்றும் தாங்கியுள்ளன. தலைநகரில் தேசிய விளையாட்டரங்கத்துக்கு அண்மையில் ‘லாடாங் புக்கிட் ஜாலில் தமிழ்ப்பள்ளி’ இருக்கிறது. அங்குப் படிக்கும் பிள்ளைகள் பால்மரத்தைப் பாடநூலில் பார்த்திருக்கிறார்கள்.